மச்சானுக்குக் கொடுக்காத ஆரஞ்சுக் கண்ணாடி

கும்பகோணத்தில் என் மச்சானுக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்ட இத்தனை வருஷமாக ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். கையில் தடித்த பேனா மாதிரி ஒரு மெஷின், கிர்ரென்று சத்தம், குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெண்ணின் பேரும் கல்யாணத் தேதியும். இப்போது அவருக்குக் கை நடுங்குகிறது. மச்சான் 20 வாட் ஃபைபர் லேசர் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்து எனக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, நீங்க மாடியில லேசர் ஓட்டும்போது ஒரு ஆரஞ்சுக் கண்ணாடி போடுவீங்கல்ல, அதுல இன்னொண்ணு இருந்தா கொடுத்து விடுங்க. கண்ணாடிக்குன்னு தனியா எதுக்குச் செலவு?"

இன்னொன்று இருந்தது. நல்ல காசு போட்டு வாங்கியதுதான். ஆனாலும் கொடுக்கவில்லை. மரப்பலகையில் படமும் எழுத்தும் செதுக்க நான் வைத்திருக்கும் மெஷின் அடிப்பது நீல ஒளி, அலைநீளம் 455 நானோமீட்டர். மச்சான் வாங்கப்போவது 1064 நானோமீட்டர். என் கண்ணாடியின் ஓரத்தில் 190–540 என்று அச்சடித்திருக்கிறது, அந்த எல்லைக்குள் இருக்கும் ஒளியைத்தான் அது தடுக்கும். 1064ஐப் பொறுத்தவரை அது ஜன்னல் கண்ணாடி மாதிரி, அப்படியே உள்ளே விட்டுவிடும். அதைப் போட்டுக்கொண்டு நிற்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது, தைரியம் மட்டும் இருக்கும். வெறுங்கண்ணோடு நிற்பவராவது பயந்துகொண்டு இரண்டடி தள்ளி நிற்பார்.

அன்றைக்குப் போனில் பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். வீட்டிலோ மாடியறையிலோ கடையின் பின்கட்டிலோ சின்ன லேசர் வைத்திருப்பவர் எந்தக் கண்ணாடி வாங்கலாம், எங்கே காசை மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதுதான் விஷயம்.

வாட் எத்தனை என்று கேட்பதற்கு முன்னால்

லேசர் வாங்குகிறவர்கள் முதலில் பேசுவது வாட். கண்ணாடி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலைநீளம். நம் ஊரில் சின்ன அளவில் புழங்குபவை பெரும்பாலும் மூன்று வகை. நீல டயோடு லேசர், 445 முதல் 455 நானோமீட்டர் வரை. மரம், தோல், அட்டைக்கு. கார்பன் டை ஆக்சைடு லேசர், 10,600 நானோமீட்டர். அக்ரிலிக், பிளைவுட் வெட்டுவதற்கு. ஃபைபர் லேசர், 1064 நானோமீட்டர்; உலோகத்துக்கு. பச்சை லேசர் பாயின்டர் 532. இதில் நீலமும் பச்சையும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். மற்ற இரண்டும் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதும் அலைநீளத்தைப் பொறுத்ததே. 400க்கும் 1400க்கும் இடைப்பட்ட ஒளி கருவிழியைத் தாண்டி, கண்ணின் லென்ஸ் வழியே போய் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. சின்ன வயசில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கியிருப்போமே, அதே வேலைதான். கருவிழியில் படும்போது இருக்கும் செறிவு விழித்திரைக்குப் போகும்போது சுமார் லட்சம் மடங்காகிவிடும். 1064 இந்த எல்லைக்குள் வருகிறது என்பதை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒளி, ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் குவிக்கும். ஒளி தெரிந்தால்தானே இமை மூடும்? கால் நொடிக்குள் கண் சிமிட்டித் தப்பிக்கிற வசதி இங்கே கிடையாது. விழித்திரையில் வலி நரம்பும் இல்லை. பார்வையில் ஒரு கரும்புள்ளி நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

10,600 வேறு கதை. அந்த ஒளியைத் தண்ணீர் உடனே உறிஞ்சிவிடும் என்பதால் கருவிழியின் மேற்பரப்பைத் தாண்டாது. கருவிழி வெந்துபோகும், வலிக்கும், ஆபத்துதான். ஆனால் விழித்திரை வரை போகாது. இந்த லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். ஊருக்கு ஊர் அக்ரிலிக் போர்டு வெட்டும் கடைகளில் ஓடுவது அவர் கண்டுபிடிப்புதான்.

ஓ.டி. கணக்கு

அலைநீளம் பொருந்தினால் அப்புறம் ஓ.டி., அதாவது ஆப்டிகல் டென்சிட்டி. அந்தக் குறிப்பிட்ட ஒளியைக் கண்ணாடி எத்தனை மடங்கு குறைக்கிறது என்பதன் அளவு இது. ஓ.டி. 1 என்றால் பத்தில் ஒரு பங்கு உள்ளே வரும். 2 என்றால் நூறில் ஒன்று, 4 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று, 6 என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. ஒன்றின் பக்கத்தில் எத்தனை சைபர் போடுகிறோமோ அதுதான் ஓ.டி. எண். அதனால் நாலுக்கும் ஐந்துக்கும் சின்ன வித்தியாசம்தானே என்று நினைத்துவிடக் கூடாது, அது பத்து மடங்கு.

10 வாட் நீல ஒளிக்கற்றை நேராகக் கண்ணுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓ.டி. 4 கண்ணாடி அதை 1 மில்லிவாட்டாக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 மில்லிவாட் என்பதுதான் இரண்டாம் வகுப்பு லேசரின் உச்சவரம்பு, அதாவது கண் சிமிட்டித் தப்பிக்கக் கூடிய அளவு. 20 வாட் என்றால் அதே கண்ணாடியில் 2 மில்லிவாட் வரும், வரம்பு தாண்டிவிட்டது. ஓ.டி. 5 என்றால் 0.2 மில்லிவாட். என் மெஷின் 10 வாட்தான், இருந்தும் நான் 5க்குக் கீழே இறங்கவில்லை. நாளைக்கு மெஷின் தலையை மட்டும் 20 வாட்டுக்கு மாற்றினால் கண்ணாடியையும் மாற்ற வேண்டாமே என்பதும் ஒரு காரணம்.

"நேரா யாரு மாப்ளே கண்ணைக் கொண்டுபோய்க் காட்டுவா?" என்றார் மச்சான். நியாயம்தான். பெரும்பாலான நேரம் நம் கண்ணுக்கு வருவது பலகையில் பட்டுச் சிதறும் ஒளி. அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 வாட் நீல ஒளி முழுவதும் ஒரு வெள்ளை அட்டையில் பட்டுச் சமமாகச் சிதறினால், அரை மீட்டர் தள்ளி நிற்பவர் கண்ணில் படுவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட். கண்ணில் பட்ட உடனே சிமிட்டிவிட்டால் சேதமில்லாத அளவு 25 வாட். ஆக ஒரு கணம் பார்த்தால் தப்பிக்கலாம். ஆனால் நீல ஒளிக்கு இன்னொரு குணம் உண்டு: சூடாக்காமலே, வேதிவினையால் விழித்திரையை மெல்ல மெல்லக் கெடுக்கும். நிமிஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவருக்கான வரம்பு சதுர மீட்டருக்குச் சுமார் 1 வாட்தான். செதுக்குவதைப் பக்கத்தில் நின்று ரசிப்பவர் அந்த வரம்பைப் பத்து மடங்குக்கு மேல் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். இதை எழுதும்போது ஒரு உறுத்தல்: முதல் மாதம் முழுக்க நான் அப்படித்தான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

சிதறும் ஒளிக்கு உண்மையான ஓ.டி. 2 இருந்தாலே தாராளம் என்று இதே கணக்கிலிருந்து தெரிகிறது. நாலும் ஐந்தும் தேவைப்படுவது, வேலைத்தட்டில் மறந்து வைத்த ஸ்டீல் ஸ்கேலோ பளபளப்பான கிளிப்போ ஒளிக்கற்றையை அப்படியே திருப்பி அடிக்கும் அந்த ஒரு நாளுக்காக.

கையில் வரும் கண்ணாடிகள்

முதலாவது, மெஷினோடு இலவசமாக வருவது. எனக்கு வந்தது பச்சை நிறம். லென்ஸில் ஒரு எழுத்தில்லை, பிரேமில் ஒரு எழுத்தில்லை, பெட்டியில் தாளும் இல்லை. செல்போனில் முழுத் திரைக்கும் நீல நிறம் வைத்து அந்தக் கண்ணாடி வழியே பார்த்தேன். நீலம் கொஞ்சம் மயில்கழுத்து நிறமாகி நன்றாகவே தெரிந்தது. போன் திரையின் நீலம் கிட்டத்தட்ட நம் டயோடு லேசரின் அலைநீளத்தை ஒட்டியதுதான். திரை தெரிகிற கண்ணாடி வழியே லேசரும் வரும். இப்போது அது என் பையன் வெங்காயம் உரிக்கும்போது போட்டுக்கொள்ளப் பயன்படுகிறது. இலவசமாக வருவதெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். சில மெஷின்களோடு அலைநீளமும் ஓ.டி.யும் அச்சடித்த நல்ல கண்ணாடியே வருகிறது. அச்சு இல்லாதது எதுவாக இருந்தாலும் அது விளையாட்டுக் கண்ணாடி.

இரண்டாவது, ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் 'சகல லேசருக்கும்' கண்ணாடி. விளம்பரத்தில் 200 முதல் 2000 நானோமீட்டர் வரை, ஓ.டி. 4க்கு மேல் என்று இருக்கும். படத்தில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷம் யோசியுங்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியும் ஒளி 400 முதல் 700 வரை. 200 முதல் 2000 வரை அத்தனையையும் பத்தாயிரத்தில் ஒரு பங்காக ஒரு கண்ணாடி குறைத்தால், அதைப் போட்டவருக்குப் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. கண் தெரிகிறது என்றால் அந்த எண் பொய். இந்த மாதிரிக் கண்ணாடிகளில் பல, அழகு நிலையங்களில் முடி நீக்கப் பயன்படும் பளிச்சொளிக் கருவிகளுக்காகச் செய்தவை. அந்த விளக்கு லேசரே அல்ல. வாங்கும்போது இந்த வகையை யோசிக்காமல் தள்ளிவிடலாம்.

மூன்றாவது, நடுத்தரம். 190–540, அல்லது 190–540 மற்றும் 800–1100 என்று குறிப்பாக அச்சடித்து, எந்த அலைநீளத்தில் எத்தனை ஓ.டி. என்ற வரைபடத்தோடு வருபவை. சீனத் தயாரிப்பாளர்கள் சிலர் இதை ஒழுங்காகவே செய்கிறார்கள். விலை இலவசத்துக்கும் பல ஆயிரத்துக்கும் நடுவில் இருக்கும். நீல டயோடு லேசர் வைத்திருப்பவருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். 450ஐத் தடுக்கும் ஆரஞ்சுச் சாயம் பிளாஸ்டிக்கில் கலப்பதொன்றும் பெரிய வித்தை இல்லை, ஓரளவுக்கு நாமே சோதித்தும் பார்க்கலாம்.

நாலாவது, சான்றிதழோடு வருவது. ஜெர்மனியின் லேசர்விஷன், இத்தாலியின் யூனிவெட் போன்றவர்களின் தயாரிப்பு. விலை பல ஆயிரம், பதினைந்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? இங்கேதான் ஓ.டி. மட்டும் போதாது என்பது புரியும்.

ஓ.டி. என்பது எவ்வளவு ஒளி கசியும் என்று சொல்கிறது. நேரடி லேசர் பட்டால் அந்த லென்ஸே உருகாமல், ஓட்டை விழாமல் தாங்குமா என்று சொல்வதில்லை. ஐரோப்பாவின் இ.என். 207 தரம் அதையும் கேட்கிறது. குறிப்பிட்ட செறிவுள்ள ஒளி நேராகப் பட்டாலும் கண்ணாடி குறைந்தது 5 நொடி தாங்க வேண்டும். அதனால் அந்தக் கண்ணாடிகளில் ஓ.டி.க்குப் பதில் எல்பி என்ற எண் இருக்கும். நீலத்திலும் 1064இலும், தொடர்ந்து எரியும் லேசருக்கு எல்பி5 என்றால் சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் வரை தாங்கும் என்று பொருள். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள 10 வாட் கற்றையின் செறிவு எட்டு லட்சம் வாட்டுக்கு வரும், ஆக எல்பி5 சரியாகப் பொருந்தும். அமெரிக்கத் தரமான இசட்136 ஓ.டி.யை வைத்தே பேசுகிறது. இசட்87 என்று மட்டும் போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது தெறிக்கும் துண்டு பட்டால் லென்ஸ் உடையாது என்பதற்கான தரம், லேசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெறும் சிஇ முத்திரையும் அப்படித்தான், பக்கத்தில் எந்தத் தரம் என்று எழுதியிருக்க வேண்டும்.

எல்பி எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்து வரும். டி என்றால் தொடர்ந்து எரியும் லேசர். ஐ, ஆர், எம் மூன்றும் துடிப்பு லேசர்கள், அதாவது விட்டு விட்டு அடிப்பவை. அதில் ஆர் என்பது நானோநொடித் துடிப்பு. மச்சானுக்குத் தேவைப்பட்டது இந்த ஆர். 20 வாட் ஃபைபர் மெஷின் சராசரியாகத்தான் 20 வாட். நொடிக்கு 20 ஆயிரம் துடிப்பு, ஒவ்வொன்றும் 100 நானோநொடி என்று வைத்தால், அந்த ஒரு துடிப்பின் உச்சம் 10 ஆயிரம் வாட். டி மட்டும் போட்ட கண்ணாடி இதற்காகச் சோதிக்கப்பட்டதே அல்ல.

அப்புறம் வீட்டு வைத்தியங்கள். கூலிங் கிளாஸ் போட்டால் என்ன? வழக்கமான கருப்புக் கண்ணாடி 8 முதல் 18 சதவீத ஒளியை உள்ளே விடும், ஓ.டி. கணக்கில் ஏறக்குறைய 1. இருட்டாக இருப்பதால் கண்ணின் பாப்பா வேறு விரிந்துகொள்ளும். பக்கத்துப் பட்டறையிலிருந்து வெல்டிங் கண்ணாடி? 10ஆம் எண் கண்ணாடிக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சராசரியாக ஓ.டி. 4க்குக் கொஞ்சம் கீழே வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது எல்லா நிறத்துக்குமான சராசரி, உங்கள் அலைநீளத்துக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. லேசர் பட்டால் தாங்குமா என்றும் சோதிக்கவில்லை. அதைப் போட்டுக்கொண்டு பலகையைத் தேடித் தடவ வேண்டியதுதான், இரண்டாம் நிமிஷம் நெற்றிக்கு ஏற்றிவிடுவீர்கள்.

நெற்றிக்கு ஏறாத கண்ணாடிதான் நல்ல கண்ணாடி. அதனால் விவரத் தாளில் இன்னொரு எண்ணையும் பாருங்கள்: சாதாரண வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வருகிறது என்பது. தேவைக்கு மேல் ஓ.டி. 7, 8 என்று போய் அறையே தெரியாமல் தடுமாறுவதைவிட, போதுமான ஓ.டி.யும் நல்ல வெளிச்சமும் உள்ளது மேல்.

எந்த மெஷினுக்கு எது

நீல டயோடு: அச்சடித்த 190–540, ஓ.டி. 5. நடுத்தரமே போதும். போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். லேசரின் நீலம் சுத்தமாக மறைந்துவிடும். பலகையில் கரியும் இடத்தில் பொடிப்பொடியாக ஆரஞ்சுக் கனல் மட்டும் ஊர்ந்து போகும், ஊதுவத்தி நுனி மாதிரி. நீலமே தெரியாவிட்டால் குவியத்தை எப்படிச் சரிபார்ப்பது என்று சிலர் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். அதற்கென்றே இ.என். 208 என்று ஒரு தரம் இருக்கிறது, ஒளியை 1 மில்லிவாட்டுக்குக் குறைத்துக் கொஞ்சம் மட்டும் தெரியவிடும் கண்ணாடி. பொழுதுபோக்குக்கு அது ஆடம்பரம். உயரம் பார்க்கும் கட்டையை வைத்துக் குவியத்தைச் சரிசெய்துவிட்டால் ஒளியைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

கார்பன் டை ஆக்சைடு: கண்ணாடிக்குப் பெரிய செலவு வேண்டாம். சாதாரண பாலிகார்பனேட்டும் அக்ரிலிக்கும் 10,600ஐ உறிஞ்சிக்கொள்ளும். மெஷினின் மூடியைச் சாத்தியிருந்தால் அதிலுள்ள தெளிவான அக்ரிலிக் ஜன்னலே காவல். உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் நிலைக்கண்ணாடிகளைச் சரிசெய்யும்போது மட்டும் மூடி திறந்திருக்கும், அப்போது பக்கவாட்டு மறைப்புள்ள, 10,600 என்று அச்சடித்த தெளிவான கண்ணாடி ஒன்று இருக்கட்டும். மிச்சமாகும் காசைப் புகைபோக்கிக்கும் தீயணைப்பானுக்கும் போடுங்கள். இந்த மெஷினில் என்னைப் பயமுறுத்துவது ஒளியைவிடக் குழாய்க்குப் போகும் பதினைந்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம்தான். ரெக்சின், பிவிசி வெட்டினால் குளோரின் கலந்த புகை வரும், அது தனிக் கதை.

ஃபைபர்: இங்கே பேரம் பேசக் கூடாது. நடுத்தரத்திலும் 800–1100 என்று போட்ட கண்ணாடிகள் இருக்கின்றன, சில நல்லவையாகவும் இருக்கலாம். ஆனால் நல்லதா என்று கண்டுபிடிக்க நமக்கு வழியில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒளியை எந்தப் போன் திரையில் வைத்துச் சோதிப்பது? டிவி ரிமோட் ஒளியை வைத்துப் பார்க்கலாமென்றால் அதன் அலைநீளம் 940ஐ ஒட்டியது, 1064க்கு அது சாட்சி சொல்லாது. லென்ஸின் நிறமும் உதவாது, 1064க்கான நல்ல கண்ணாடி வெளிறிய பச்சையிலோ சாம்பலிலோ சாதுவாகத்தான் இருக்கும். ஆக இங்கே நாம் வாங்குவது ஒரு தாளை. யார் சோதித்தார்கள், எந்த அலைநீளத்தில், எந்தத் துடிப்பில் என்று எழுதிய தாள். அதற்குத்தான் அந்தப் பல ஆயிரம்.

பாத்திரத்தில் இன்னொரு வில்லங்கம் உண்டு. குடத்தின் வெளிப்புறம் குவிந்த கண்ணாடி மாதிரி, பட்ட ஒளியை விரித்து அனுப்பும். அது கொஞ்சம் நல்லது. சாப்பாட்டுத் தட்டின் உட்புறமோ குழிந்த கண்ணாடி. ஒளியைச் சேர்த்து எங்காவது ஓரிடத்தில் கூட்டும், அந்த இடம் எது என்று யாருக்கும் தெரியாது. எவர்சில்வரைத் துலக்கித் துலக்கிப் பளபளப்பாக்குவதில் பெருமைப்படும் ஊர் நம்முடையது. லேசருக்கு அந்தப் பளபளப்பு ஆகாது.

நீலமும் 1064ம் ஒரே தலையில் இருக்கும் இரட்டை மெஷின்கள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்கு இரண்டு வரம்பும் அச்சடித்த ஒரே கண்ணாடிதான் நல்லது. இரண்டு கண்ணாடி வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம் என்று நினைத்தால், என்றைக்காவது ஒருநாள் கட்டாயம் மாற்றிப் போட்டுவிடுவோம்.

பச்சை பாயின்டர் பற்றி ஒரு வரி: அதற்குள் 808இல் ஆரம்பித்து, 1064 ஆகி, அப்புறம்தான் 532 பச்சை பிறக்கிறது. மலிவான ஒன்றில் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாததால் 20 மில்லிவாட் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்து வந்ததை 2010இல் அமெரிக்காவின் தர அளவீட்டு ஆய்வகமான நிஸ்ட் அளந்து எழுதியிருக்கிறது. பச்சைக்கு மட்டும் கண்ணாடி போட்டால் போதாத இடம் அது.

பெட்டியா, கண்ணாடியா

உண்மையில் கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அல்ல போட்டி, கண்ணாடிக்கும் பெட்டிக்கும் நடுவேதான். கண்ணாடி போட்டவரை மட்டும் காக்கும். மாடிக்குக் காபி கொண்டுவரும் அம்மா, என்ன செய்கிறாய் என்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன், பூனை, இவர்களுக்கெல்லாம் அது உதவாது. மெஷினை முழுக்க மூடி, கதவைத் திறந்தால் லேசர் தானாக அணையும்படி சுவிட்ச் வைத்துவிட்டால் அத்தனை பேருக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. உள்ளே ஒரு சின்னக் கேமரா வைத்துப் போனில் பார்த்துக்கொள்ளலாம்.

நான் பிளைவுட்டில் பெட்டி அடித்து, உட்புறம் மங்கலான கருப்புப் பெயின்ட் அடித்து, புகை போக ஒரு விசிறி வைத்தேன். நாலாயிரத்துச் சொச்சம் ஆனது. ஜன்னல் வைக்க ஆரஞ்சு அக்ரிலிக் தேடி அலைந்ததில், கடைகளில் கிடைக்கும் சாதாரண அலங்கார ஆரஞ்சு ஷீட்டுக்கும் லேசருக்கென்று விற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று தெரிந்துகொண்டேன். அலங்கார ஷீட்டைப் போன் திரைக்கு நேரே பிடித்தபோது நீலம் மங்கலாகக் கசிந்தது. ஜன்னலே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பெட்டி வந்த பிறகு கண்ணாடியைப் போடுவது குவியம் பார்க்கும்போதும் சர்வீஸ் செய்யும்போதும் மட்டும்தான்.

கையில் குறைந்த காசு இருக்கிறது, நீல லேசர், ஒன்றுதான் வாங்க முடியும் என்று யாராவது கேட்டால்? நடுத்தரக் கண்ணாடி ஒன்று, மீதிக் காசுக்குப் பெட்டி. விலை உயர்ந்த கண்ணாடி ஒன்று வாங்கித் திறந்த மெஷின் முன்னால் நிற்பதைவிட இது மேல் என்பது என் கட்சி.

பார்சல் வந்ததும்

லென்ஸின் ஓரத்தில் அச்சு இருக்கிறதா பாருங்கள்: அலைநீளம், ஓ.டி. அல்லது எல்பி, தயாரித்தவர் அடையாளம். கவரில் மட்டும் எழுதியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். 190–540 கண்ணாடி என்றால் போனில் நீலத் திரை வைத்துப் பாருங்கள், கருப்பாகத் தெரிய வேண்டும். நீலம் தெரிந்தால் அந்தக் கண்ணாடி தோற்றுவிட்டது. தெரியாவிட்டால் ஜெயித்தது என்று அர்த்தமில்லை. போன் திரை லேசரின் பக்கத்தில் மின்மினி, ஓ.டி. 2க்கும் 5க்கும் வித்தியாசம் அதில் தெரியாது. லென்ஸை மேஜையில் வைத்து நேரே லேசர் அடித்துப் பார்க்கும் வீடியோக்களைப் பார்த்து யாரும் கிளம்ப வேண்டாம். அப்படிச் சோதித்த லென்ஸை அதற்கப்புறம் போட முடியாது.

பவர் கண்ணாடி போடுபவர்கள் மேலே மாட்டும் அகலமான வகையைக் கேட்டு வாங்குங்கள். போட்டுக்கொண்டு கன்னத்தோரமும் புருவத்தின் மேலும் வெளிச்சம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். துடைக்க ஸ்பிரிட், தின்னர் வேண்டாம், சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். கீறல் ஆழமாக விழுந்தாலோ சாயம் வெளிறினாலோ மாற்றிவிடுங்கள். ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள்.

மச்சான் கடைசியில் என்ன செய்தார் என்றால், முதலில் முழுக்க மூடிய மேஜை மெஷினைத்தான் பார்த்தார். அதில் குடம் நுழையவில்லை, அண்டா பற்றிப் பேச்சே இல்லை. திறந்த மெஷினையே வாங்கி, கடைக்குப் பின்னால் தகரத்தில் ஆளுயர அறை ஒன்று அடித்து, கதவில் சுவிட்ச் வைத்து மெஷினோடு இணைத்தார். இ.என். 207இல் 1064க்கு ஆர் எழுத்தோடு சோதித்த கண்ணாடி இரண்டு. ஒன்றுதான் முதலில் ஆர்டர் போட்டார். உள்ளே வேலை செய்வது நீங்களா, ஆளா என்று கேட்டதும் இரண்டாக்கினார்.

போன மாதம் போயிருந்தேன். அறைக்குள் அந்தப் பழைய பெரியவர்தான் இருந்தார். லேசர் படப்போகும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி குடத்தின் கழுத்தில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குடத்தைத் துளித்துளியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். அதற்குக் கை நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. வாசிக்கும் கண்ணாடிக்கு மேலே வெளிறிய பச்சைக் கண்ணாடி. "காது வலிக்குது தம்பி" என்றார். இரண்டு கண்ணாடியின் காம்பும் ஒரே இடத்தில் அழுத்துகிறது. காம்புக்குப் பதிலாகத் தலையைச் சுற்றிப் பட்டை வரும் வகையாக மாற்றிக் கேட்கச் சொல்லி மச்சானிடம் சொல்லிவிட்டு வந்தேன்.